ரப்பர் பாலை வடிகட்டினால் சவ்வு என்னாகும்?

உங்கள் பாட்டியோ தாத்தாவோ சுங்கை சிப்புட், தாப்பா, பத்து காஜா பக்கத்துத் தோட்டம் எதிலாவது பால் மரம் வெட்டியவரா? அப்படியானால் இந்த வாரம் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "வேலை முடிந்து வந்ததும் பால் வாளியை ஏன் உடனே கழுவினீர்கள்? சாயங்காலம் கழுவினால் என்ன?"

பதில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். முதலில் சிரிப்பார்கள். பிறகு, காய்ந்த பால் வாளியின் உள்பக்கம் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினாலும் போகாது, நகத்தால் சுரண்டி உரித்துத்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். மங்கில் தங்கியது கட்டிப்பால், வெட்டுக்கோட்டில் காய்ந்தது ஒட்டுப்பால் என்று பெயர் சொல்லிப் பிரித்தும் காட்டுவார்கள். ரப்பர் பாலின் குணம் அதுதான். அது திரவமாக இருக்கும் நேரம் கொஞ்சம். வாய்ப்புக் கிடைத்தால் கெட்டியாகிவிடும், எதைத் தொடுகிறதோ அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட ஒரு திரவத்தை, கண்ணுக்கே தெரியாத துளைகள் கொண்ட ஒரு வடிகட்டியில் வடிகட்டச் சொன்னால்? முடியாத காரியம் என்றுதான் தோன்றும். ஆனால் நம் நாட்டு அறிவியலாளர்கள் சிலர் அதையே செய்து பார்த்தார்கள். ஏன் செய்தார்கள், வடிகட்டி எப்படி அடைத்துக்கொண்டது, அதைக் குறைக்க என்ன வழி என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

பாலுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு சின்ன வரலாறு. 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் சில, நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே, மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் நிற்கிறது. கோலகங்சார் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு பெரிய தொழிலும், அதை நம்பி வந்த நம் முன்னோரின் வாழ்க்கையும் அந்தத் தலைமுறை மரங்களிலிருந்து தொடங்கியவை.

மரத்திலிருந்து வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ரப்பர் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதோடு புரதம், சர்க்கரை, கொழுப்பு, உப்புகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல ரப்பர் கரைந்திருப்பதில்லை. மிக நுண்ணிய உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கிறது. ஒவ்வோர் உருண்டையையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஓர் உறை மூடியிருக்கிறது. அந்த உறைக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. எதிர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் ஒன்றையொன்று தள்ளும். அதனால் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளாமல் விலகி விலகி மிதக்கின்றன. பால் பாலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஐந்தாம் படிவ வேதியியலில் பலபடிமப் பாடத்தில் இதைப் படிப்பீர்கள். அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் அயனிகள் அந்த எதிர்மின்னூட்டத்தைச் சமன்செய்துவிடும். உருண்டைகள் மோதும், உறை கிழியும், ரப்பர் ரப்பரோடு ஒட்டும், பால் உறையும். பாக்டீரியா வளர்ந்தாலும் அமிலம் உண்டாகி அதேதான் நடக்கும். அம்மோனியா சேர்த்தால் பால் காரத்தன்மையோடு இருக்கும், பாக்டீரியாவும் வளராது, அதனால் நாள்கணக்கில் கெடாமல் நிற்கும். தேர்வுக்கு இவ்வளவு போதும். இன்றைய கதைக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அமிலமே இல்லாவிட்டாலும், உருண்டைகளை நெருக்கி நெருக்கித் தள்ளினால் அவை ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வற்றினால் உறைவதும் இப்படித்தான். வாளியின் சுவரில் தோல் படிந்ததற்குக் காரணம் இதுவே.

வீணாகும் பால்

தைப்பிங்கை ஒட்டிய கமுந்திங்கில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலைகள் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இயற்கை ரப்பர் கையுறை செய்ய மரத்துப் பால் அப்படியே உதவாது. அதில் தண்ணீர் அதிகம். ரப்பர் 60 விழுக்காடு இருக்கும் கெட்டிப் பால் வேண்டும். இதற்காகப் பாலை மையவிலக்குப் பொறியில் போட்டு மிக வேகமாகச் சுழற்றுவார்கள். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது என்பதால் பெரிய உருண்டைகள் நடுப்பக்கமாகச் சேர்ந்து கெட்டிப் பாலாக வெளியே வரும். பசும்பாலில் பாலாடையைப் பிரித்தெடுப்பதும் இதே முறைதான்.

அப்போது இன்னொரு பக்கம் ஒரு நீர்த்த பால் வெளியே வரும். அதற்கு ஸ்கிம் பால் என்று பெயர். ரப்பர் அதில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான். பொறியால் பிரிக்க முடியாத மிகச் சிறிய உருண்டைகள் எல்லாம் இதில்தான் வந்து சேரும். அவற்றோடு புரதமும் அம்மோனியாவும் நிறைய இருக்கும்.

இந்த ஸ்கிம் பாலை என்ன செய்வது? கொட்டிவிட முடியாது. அதில் ரப்பர் இருக்கிறது, ஆற்றில் விட்டால் ஆறு கெடும். வழக்கமான முறை, கந்தக அமிலம் ஊற்றி உறைய வைப்பது. அம்மோனியா இருப்பதால் முதலில் அதைச் சமன்செய்யவே அமிலம் நிறையச் செலவாகும். கிடைக்கும் ரப்பரோ புரதம் கலந்தது, தரம் குறைந்தது. அதை எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரில் சல்பேட் மிகுந்திருக்கும். அந்தத் தண்ணீர் குளத்தில் தேங்கி ஆக்ஸிஜன் தீர்ந்துபோனால், ஒரு வகைப் பாக்டீரியா சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றிவிடும். அழுகிய முட்டை நாற்றம் என்று பாடநூலில் படித்திருப்பீர்களே, அந்த வாயுதான். ரப்பர் ஆலைக்கு அருகில் வாழ்ந்தவர்களுக்குப் பாடநூல் தேவைப்படாது.

மலேசியாவில் 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1978-இல் ரப்பர் ஆலைகளின் கழிவுநீருக்கென்றே தனி விதிமுறைகள் வந்தன. ஆலைகள் குளங்கள் வெட்டிக் கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தொடங்கின. ஆனால் குளம் வெட்டுவது, கழிவு உண்டான பிறகு செய்யும் வேலை. அமிலமே ஊற்றாமல் ஸ்கிம் பாலிலிருந்து ரப்பரைப் பிரிக்க முடிந்தால், அந்தக் கழிவு இவ்வளவு மோசமாக உண்டாகவே வேண்டியதில்லையே. வடிகட்டும் யோசனை வந்தது இதனால்தான்.

சவ்வு என்னும் சல்லடை

இங்கே வடிகட்டி என்றால் காப்பி வடிகட்டும் துணியோ தாளோ இல்லை. பாலிமரால் செய்த மெல்லிய சவ்வு. மீநுண் வடிகட்டலுக்குப் பயன்படும் சவ்வின் துளைகள் ஒரு மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதைச் சுற்றிய அளவுகளில் இருக்கும். ஒரு மைக்ரோமீட்டர் என்பதே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

எண்ணைச் சொன்னால் மனத்தில் நிற்காது. எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்ப்போம். பாலில் உள்ள ஒரு மைக்ரோமீட்டர் ரப்பர் உருண்டையை ஒரு காற்பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கில் ஸ்கிம் பாலில் மிஞ்சும் சிறிய உருண்டை ஒரு பெரிய கோலிக்குண்டு. சவ்வின் துளை, ஒரு பச்சைப்பயறு நுழையும் அளவு. புரத மூலக்கூறு ஒரு கசகசா. தண்ணீர் மூலக்கூறு மாவுத்தூளில் ஒரு துகள். இப்போது பாருங்கள். கோலிக்குண்டு அந்தத் துளைக்குள் போகவே முடியாது. தண்ணீர் எளிதாகப் போகும். கசகசாவும் போகும்.

அழுத்தம் கொடுத்து ஸ்கிம் பாலைச் சவ்வின்மீது செலுத்தினால் ஒரு பக்கம் ரப்பர் சேர்ந்து கெட்டியாகும். மறுபக்கம் சீரம் என்கிற தெளிந்த நீர் வரும். அமிலம் ஒரு சொட்டுக்கூடத் தேவையில்லை. அந்தச் சீரத்திலும் பயனுள்ள பொருள்கள் உண்டு. கியூப்ராகிட்டால் என்ற சர்க்கரையினப் பொருள் அவற்றில் ஒன்று. வேறு பல வேதிப்பொருள்களைச் செய்ய அது ஒரு நல்ல தொடக்கப்பொருள்.

காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. ஆலையில் ஓட்டினால்?

மூன்று வகையில் அடைக்கும்

தொடங்கும்போது சீரம் வேகமாக வரும். கொஞ்ச நேரத்தில் வேகம் குறையும். பிறகு இன்னும் குறையும். எல்லாச் சவ்வுத் தொழில்களிலும் இந்தத் தொல்லை உண்டு. இதைத்தான் சவ்வு அடைப்பு என்கிறோம். பலரும் இதை ஏதோ துளையில் குப்பை மாட்டிக்கொள்வது என்று மட்டும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

முதலில் நடப்பது கூட்ட நெரிசல். தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோவில் கோயில் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் ஆளாக நுழையும் வாசலுக்கு முன்னால்தான் கூட்டம் அடர்த்தியாக இருக்கும். அதேபோல் தண்ணீர் சவ்வைத் தாண்டிப் போய்விட, தாண்ட முடியாத ரப்பர் உருண்டைகள் சவ்வின் முகத்தருகே குவிந்து நிற்கும். அழுத்தத்தை நிறுத்தினால் கூட்டம் கலைந்துவிடும். இது வரைக்கும் பெரிய கேடு இல்லை.

அழுத்தம் தொடர்ந்தால் நெரிசலில் நிற்கும் உருண்டைகள் ஒன்றையொன்று நசுக்கும். உறை கிழியும். ரப்பர் ரப்பரோடு ஒட்டிச் சவ்வின்மேல் ஒரு தோல் உருவாகும். பாட்டியின் வாளிச் சுவரில் படிந்த அதே தோல்! கையுறைத் தொழிற்சாலையில் பீங்கான் கை அச்சின்மேல் வேண்டுமென்றே படிய வைப்பதும் இந்தத் தோலைத்தான். அங்கே அது சரக்கு. இங்கே அது தொல்லை.

மூன்றாவது வேலையைக் கசகசா செய்கிறது. துளைக்குள் நுழையக்கூடிய சின்னப் புரதங்கள் நுழைந்த பிறகு எல்லாமே வெளியேறுவதில்லை. சில, துளையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. துளை உள்ளுக்குள்ளேயே குறுகிப் போகிறது. மேலே படிந்ததை வழித்து எடுக்கலாம். உள்ளே ஒட்டியதை எப்படி எடுப்பது? மூன்றிலும் பொல்லாதது இதுதான் என்பேன்.

சரி, வேகம் குறைந்தால் அழுத்தத்தைக் கூட்டினால் என்ன? வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்காத மாணவர்கள் இல்லை. இயற்பியலில் ஓம் விதி படித்தவர்களுக்கு விளக்குவது எளிது. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். இங்கேயும் அப்படியே. அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் நீரோட்டம். திரவம் கெட்டியாக இருந்தால் ஓட்டம் அதற்கேற்ப இன்னும் குறையும். ஒரு சதுர மீட்டர் சவ்வு மணிக்கு 100 லிட்டர் கொடுத்துக்கொண்டிருந்து, அதே அழுத்தத்தில் 25 லிட்டருக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தடை நான்கு மடங்காகிவிட்டது. நான்கு பங்கில் ஒரு பங்குதான் சவ்வின் சொந்தத் தடை, மற்ற மூன்றும் மேலே படிந்ததன் தடை. இப்போது அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் ஓட்டமும் இரண்டு மடங்காகுமா? கம்பியாக இருந்தால் ஆகும். ஆனால் ரப்பர் தோல் கம்பி இல்லையே. அழுத்தினால் அது இறுகும். இறுகினால் தடை இன்னும் கூடும். கொடுத்த மின்சாரம் எல்லாம் தோலை இறுக்கவே செலவாகும்.

அதனால் அனுபவம் உள்ளவர்கள் தலைகீழாக யோசிக்கிறார்கள். ஓட்டத்தை ஒரு வரம்புக்குக் கீழே மெதுவாக வைத்தால், உருண்டைகள் சவ்வை நோக்கி வரும் வேகமும் திரும்பிப் போகும் வேகமும் சமமாகிப் படிவே உண்டாவதில்லை அல்லது மிகக் குறைவாக உண்டாகிறது. ராபர்ட் ஃபீல்டும் அவருடைய கூட்டாளிகளும் 1995-இல் இந்த வரம்புக்கு மாறுநிலை ஓட்டம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். பேராசைப்பட்டு வேகமாக ஓட்டினால் சீக்கிரம் நிற்கும், நிதானமாக ஓட்டினால் நெடுநேரம் ஓடும்.

ஒலியால் உலுக்கியவர்கள்

மலேசிய ரப்பர் வாரியத்தின் ஆராய்ச்சியாளர்கள் தேவராஜ் வீராசாமி, அமுதா சுப்ரமணியம், சைரோசானி முகமட் நோர் ஆகிய மூவரும் 2009-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்கிம் பாலைச் சவ்வில் வடிகட்டிக்கொண்டிருக்கும்போதே மீயொலியைச் செலுத்தினால் அடைப்பு குறையுமா என்று சோதித்த கட்டுரை அது. ஆசிரியர்களின் பெயரைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்கவில்லை. பால் வாளியை உரித்துக் கழுவிய தலைமுறைக்குப் பின்வந்த தலைமுறையின் பெயர்கள், அனைத்துலக ஆய்விதழில், அதே பாலைப் பற்றி!

மீயொலி என்றால் என்ன? நம் காது வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. மூக்குக்கண்ணாடிக் கடையில் உங்கள் கண்ணாடியை ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு "ஸ்ஸ்" என்று ஓடவிட்டுத் துடைத்துத் தருவார்களே, அந்தத் தொட்டியில் வேலை செய்வது மீயொலிதான். நகைக்கடையிலும் பார்த்திருப்பீர்கள். ஒலி அலை தண்ணீரில் போகும்போது ஓரிடத்தில் அழுத்தம் கூடும், அடுத்த நொடித்துளியில் குறையும். குறையும்போது நுண்ணிய குமிழிகள் பிறக்கும். கூடும்போது அவை நொறுங்கிப் போகும். குமிழி நொறுங்கும் இடத்தில் தண்ணீர் ஊசிபோல் பாயும். அந்தப் பாய்ச்சல் ஒட்டிய அழுக்கைப் பெயர்க்கும். கூடவே ஒலி அலையால் திரவத்தில் எழும் சிறு நீரோட்டங்கள் சவ்வின் முகத்தில் கூடி நிற்கும் உருண்டைகளைக் கலைத்துவிடும்.

வழக்கமாக இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் சவ்வைக் கழுவுவார்கள். இந்த முறையிலோ வடிகட்டிக்கொண்டே உலுக்குகிறோம். படிவு தோலாக இறுகும் முன்பே கலைந்துபோகும் என்பது எதிர்பார்ப்பு.

இதில் ஓர் இக்கட்டும் உண்டு. ரப்பர் பாலை ரொம்பக் கலக்கினாலும் சூடாக்கினாலும் அது உறைந்துவிடும். மீயொலி இரண்டையுமே செய்யக்கூடியது. குறைவாகக் கொடுத்தால் படிவு போகாது, அதிகமாகக் கொடுத்தால் பாலே திரிந்துவிடும். சவ்வும் பாலிமர்தானே, குமிழிகள் தொடர்ந்து நொறுங்கினால் அதுவும் சேதமாகலாம். ஒரு மேசைமேல் வைத்துச் செய்யும் சோதனையில் ஒலி எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரும். ஆலையில் இருக்கும் பெரிய சவ்வுத் தொகுதியில் அப்படிச் சேர்ப்பது கடினம், மின்சாரமும் செலவாகும். ஆய்வுக்கூடத்தில் வென்ற பல யோசனைகள் ஆலை வாசலில் காத்திருப்பது இதனால்தான்.

அடைத்துப்போன சவ்வுக்குப் பிரேதப் பரிசோதனை

2012-இல் தேவராஜ் வீராசாமியும், ஜொகூரில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சவ்வுத்துறைப் பேராசிரியர் அகமட் ஃபாவ்சி இஸ்மாயிலும் சேர்ந்து இன்னொரு கட்டுரை எழுதினார்கள். ஸ்கிம் பாலால் அடைத்துப்போன சவ்வை மீண்டும் பயன்படும்படி மாற்றுவது பற்றியது. அதில் அவர்கள் செய்த முதல் வேலைக்குச் சவ்வுத்துறையில் ஒரு வேடிக்கையான பெயர் உண்டு: பிரேதப் பரிசோதனை. பழைய சவ்வை வெட்டித் திறந்து, மேலே எது படிந்திருக்கிறது, துளைக்குள் எது ஒட்டியிருக்கிறது என்று ஆராய்வார்கள். எதிரி யார் என்று தெரிந்த பிறகே கழுவும் மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். கழுவும்போது மீயொலியையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தப் பரிசோதனை ஏன் இவ்வளவு முக்கியம்? ஈப்போவைச் சுற்றிப் பாருங்கள். கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கச் சுண்ணாம்புக்கல் குன்றுகள். அந்தக் குன்றுகளின் அடியில் ஊறிவரும் நீரில் கால்சியம் அதிகம். அப்படிப்பட்ட நீரைச் சவ்வில் வடிகட்டினால் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், கெண்டியின் அடியில் படிவதைப் போல. சுண்ணாம்புப் படிவுக்கு மருந்து அமிலம். எலுமிச்சைச் சாற்றில் இருக்கும் சிட்ரிக் அமிலமே போதும், கரைந்துவிடும்.

அதே அமிலத்தை ரப்பர் பால் படிந்த சவ்வில் ஊற்றினால் என்ன நடக்கும்? நீங்களே சொல்லுங்கள். ஐந்தாம் படிவப் பாடம்தான். சவ்வின் துளைகளிலும் குழாய்களிலும் மிஞ்சியிருக்கும் பால் அத்தனையும் அந்த இடத்திலேயே உறைந்துபோகும். கழுவப் போனவர் சவ்வையே ரப்பர் துண்டாக்கிவிடுவார். ரப்பர் பாலுக்குக் காரம்தான் நண்பன். முதலில் அம்மோனியா கலந்த தண்ணீரால் மிஞ்சிய பாலை வெளியேற்ற வேண்டும். பிறகு காரக் கரைசலால் புரதத்தைத் தளர்த்த வேண்டும். சலவைப் பொருள்போல் கொழுப்பைத் தூக்கி எடுக்கும் சேர்மங்களும் உதவும்.

சுண்ணாம்பு நீரால் அலசுவதுகூட ஆபத்தே. கால்சியத்துக்கு இரண்டு நேர்மின்னூட்டம். உருண்டைகளின் எதிர்மின்னூட்டத்தை அது சமன்செய்துவிடும். கையுறைத் தொழிற்சாலையில் அச்சை முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கி, அப்புறம் பாலில் முக்குவது இந்தக் காரணத்தால்தான், பால் உடனே அச்சில் பிடித்துக்கொள்ளும். மரத்துப் பாலிலேயே இருக்கும் மக்னீசியமும் இப்படித்தான் தொல்லை தரும். அதனால் மையவிலக்குப் பொறிக்குப் போகும் முன்பே பாஸ்பேட் உப்புச் சேர்த்து மக்னீசியத்தை வண்டலாக இறக்கிவிடுவார்கள். அடைப்பைக் குறைக்கும் வேலை சவ்வில் தொடங்குவதில்லை. அதற்கு வெகு முன்னால், பால் வந்து இறங்கும் தொட்டியிலேயே தொடங்கிவிடுகிறது.

இன்னும் சில தந்திரங்கள்

பாலைச் சவ்வுக்கு நேராக மோதவிடாமல் அதன் முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வேகமாக ஓடவிடலாம். ஆற்றின் வேகமான பகுதியில் மணல் தங்குவதில்லை, மெதுவாக வளையும் இடத்தில்தான் மேடு தட்டும் அல்லவா? அதே தத்துவம். இதற்குக் குறுக்கோட்ட வடிகட்டல் என்று பெயர். ரப்பர் பால் போன்ற பிசுபிசுப்பான திரவங்களுக்கு விரல் பருமன் குழாய் வடிவச் சவ்வு பொருத்தமானது. அதில் ஒரு நன்மை, குழாய்க்குள் பஞ்சுபோன்ற நுரைப் பந்தைத் திரவத்தோடு ஓடவிட்டு உட்சுவரைத் துடைத்தெடுக்கலாம். பாட்டி தேங்காய் நாரால் வாளியைத் தேய்த்ததன் நவீன வடிவம் என்று சொன்னால் பொறியாளர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பாலோடு சிறிது சோப்புப் போன்ற பொருளைச் சேர்த்து உருண்டைகளின் உறையைப் பலப்படுத்துவதும் ஒரு வழி. நெரிசலிலும் அவை எளிதில் ஒட்டாது. எல்லாவற்றையும்விட மலிவான விதி, வேலை நின்றதும் சவ்வைக் காயவிடாதே என்பது. வாளிக்கும் அதே விதிதான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உலகம் முழுக்க இதே போராட்டம்தான், எதிரிதான் வேறு. கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வை 1960-ஆம் ஆண்டையொட்டிக் கலிபோர்னியாவில் உருவாக்கியவர்கள் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்ற இருவர். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 2010-இல் தொடங்கிய ஆலை அந்த வழியில்தான் நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்காகக் கட்டப்பட்டது. அங்கே கடல் கலங்கினால் சேறும் பாசியும்தான் எதிரி. அதனால் சவ்வுக்கு முன்னால் வேறு வடிகட்டிகள் காவல் நிற்கின்றன. சிங்கப்பூரில் 2003-இல் அறிமுகமான நியூவாட்டர், பயன்படுத்திய நீரைச் சவ்வுகளால் சுத்தம் செய்கிறது. அங்கே எதிரி, சவ்வின்மேல் வழுவழுப்பாக வளரும் பாக்டீரியாப் படலம். அதைத் தடுக்கக் குளோரமின் என்ற வேதிப்பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள்.

நம் வீட்டு வாசலில் குழாய்நீருக்கு மாட்டியிருக்கும் எவர்சில்வர் உருளை வடிகட்டியிலும் பல வகைகளில் இந்தச் சவ்வுதான் இருக்கிறது. அதில் கழுவிவிடும் ஒரு வால்வு இருக்கும். அதைத் திறந்தால் பழுப்புநிறத் தண்ணீர் வரும். குறுக்காக ஓடும் நீர் படிவை அடித்துக்கொண்டு போவதுதான் அது. உங்கள் வீட்டில் அந்த வால்வை யார், எப்போது திறந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு காப்பி வடிகட்டும் தாள், ஒரு புனல், அளவு குறித்த குவளை, அரிசி மாவு, மென்மையான ஓவியத் தூரிகை, நேரம் பார்க்கக் கைப்பேசி. இவ்வளவு போதும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவைக் கலக்குங்கள். முதல் தாளைப் புனலில் வைத்து மாவுநீரை ஊற்றுங்கள். மாவு அடியில் தங்கிவிடாமல் ஒவ்வொரு முறை ஊற்றும் முன்பும் கலக்கிக்கொள்ளுங்கள். புனலில் நீர்மட்டம் எப்போதும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், ஏனென்றால் இங்கே அழுத்தம் என்பது அந்த உயரம்தான். அது மாறினால் சோதனை நியாயமாக இருக்காது. குவளையில் ஒவ்வொரு 10 மி.லி. சேரும்போதும் நேரத்தைக் குறியுங்கள். இரண்டாம் தாளிலும் இதையே செய்யுங்கள், ஆனால் இம்முறை தூரிகையால் தாளின் உள்முகத்தை இலேசாக, விடாமல் வருடிக்கொண்டிருங்கள். அழுத்தித் தேய்த்தால் தாள் கிழியும்.

இரண்டுக்கும் ஒரே வரைபடத்தில் கோடு போடுங்கள். எந்தக் கோடு முதலில் வளைகிறது என்று பாருங்கள்.

கடைசியாக, அடைத்துப்போன முதல் தாளை மெதுவாக எடுத்து உள்வெளியாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். மறுபடி பழையபடி திருப்பிப் புனலில் வைத்து, அதே மாவுநீரை ஊற்றி, முதல் 10 மி.லி.க்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். புதுத் தாளில் எடுத்த நேரத்தைவிட அது கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் நொடிகளைத் தனியே எழுதி வையுங்கள். கழுவியும் போகாமல் தாளின் இழைகளுக்குள் மாட்டிக்கொண்ட மாவின் கணக்கு அது.